சொக்சோ ஊன மதிப்பீடு: காயம் பின்னர் மோசமானால் மறு ஆய்வு கேட்கலாம்

இயந்திரத்தில் சிக்கிக் கை நசுங்கிய ஒரு தொழிலாளிக்கு, சிகிச்சை முடிந்தபின் மருத்துவ வாரியம் 15 விழுக்காடு நிரந்தர ஊனம் என்று முடிவு செய்கிறது. சொக்சோ ஒரு தொகையைக் கொடுக்கிறது. சில ஆண்டுகள் கழித்து அதே கையின் மூட்டுகள் இறுகி, பொருளைப் பிடிக்கவே முடியாமல் போகிறது. 'பணத்தை வாங்கியாயிற்று, இனி என்ன கேட்பது' என்று அவர் ஒதுங்கிவிடத் தேவையில்லை. மதிப்பீட்டை மறுபடி பார்க்கச் சட்டத்தில் வழி உண்டு.

ஜார்ஜ்டவுனுக்கும் பாயான் லெப்பாசுக்கும் இடையில் இருக்கும் கெலுகோர் போன்ற ஊர்களுக்கு இது அவசியமான செய்தி. 1972இல் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டை தொடங்கியது முதல் இவ்வட்டாரத்தில் தொழிற்சாலை வேலை பெருகியது. வேலையிடத்து விபத்துக்கு மட்டுமன்றி, வீட்டுக்கும் வேலையிடத்துக்கும் இடையிலான பயணத்தில் நேரும் விபத்துக்கும் சொக்சோ பாதுகாப்பு உண்டு. மோட்டார் சைக்கிளில் வேலைக்குப் போய் வருபவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும்.

20 விழுக்காடு என்ற கோடு

சொக்சோ 1969ஆம் ஆண்டுத் தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் இயங்குகிறது. நிரந்தர ஊனத்துக்கான உதவித்தொகை, சராசரி நாள் சம்பளத்தில் 90 விழுக்காட்டை ஊன விழுக்காட்டால் பெருக்கிக் கணக்கிடப்படுகிறது. ஊனம் 20 விழுக்காடு அல்லது அதற்குக் குறைவு என்றால் ஒரே தொகையாகக் கிடைக்கும். 20ஐத் தாண்டினால் வாழ்நாள் முழுவதும் மாதந்தோறும் பணம் வரும். விரும்பினால் ஐந்தில் ஒரு பங்கை முன்கூட்டியே மொத்தமாக வாங்கிக்கொள்ளலாம்.

ஓர் உதாரணம்: சராசரி நாள் சம்பளம் 60 வெள்ளி. அதில் 90 விழுக்காடு 54 வெள்ளி. ஊனம் 30 விழுக்காடு என்றால் நாளுக்கு 16 வெள்ளி 20 காசு, 30 நாள் மாதத்துக்கு 486 வெள்ளி. ஐந்தில் ஒரு பங்கை முதலிலேயே வாங்கியிருந்தால் மாதம் 388 வெள்ளி 80 காசு. 15 என்ற மதிப்பீடு 30 ஆக உயர்ந்தால், கிடைப்பது வாழ்நாள் வருமானம். வேலையில் இருந்தாலும் இந்தத் தொகை நிற்காது.

மேல்முறையீடு வேறு, மறு ஆய்வு வேறு

மருத்துவ வாரியம் சொன்ன விழுக்காடு தொடக்கத்திலேயே குறைவு என்று கருதுபவர், மேல்முறையீட்டு மருத்துவ வாரியத்துக்குப் போக வேண்டும். முடிவுக் கடிதங்கள் மலாய் மொழியில் வரும். மருத்துவ வாரியம் 'ஜெமாஆ டோக்டர்' என்றும், மேல்முறையீட்டு வாரியம் 'ஜெமாஆ டோக்டர் ராயுவான்' என்றும் குறிப்பிடப்படும். கடிதத்தில் உள்ள காலக்கெடுவைத் தவறவிடக் கூடாது.

முடிவு அன்று சரியாகவே இருந்து, பின்னர் உடல்நிலை மாறியிருந்தால் கேட்க வேண்டியது மறு ஆய்வு. அதற்குச் சாதாரண வலி போதாது. அந்தக் காயத்தின் விளைவு கணிசமாக மோசமாகியிருக்க வேண்டும். அது மதிப்பீட்டின்போது எதிர்பார்க்கப்படாததாகவும் இருக்க வேண்டும். மதிப்பீட்டைத் திருத்தாவிட்டால் பெரிய அநீதி ஏற்படும் என்று வாரியமும் கருத வேண்டும்.

முக்கியமான தகவலை மறைத்தோ தவறாகச் சொல்லியோ முடிவு பெறப்பட்டது என்று புதிய ஆதாரம் காட்டினாலும் மறு ஆய்வு நடக்கும். மறைத்தவர் ஏமாற்றும் எண்ணம் இல்லாதவராக இருந்தாலும் இது பொருந்தும். எனவே பழைய காயங்களை முதல் பரிசோதனையிலேயே சொல்லிவிடுவது நல்லது.

இந்தியாவின் 1948ஆம் ஆண்டு ஊழியர் மாநிலக் காப்பீட்டுச் சட்டத்திலும் இதே ஏற்பாடு இருந்தது. அச்சட்டத்தின்கீழ் சிறப்பு அனுமதி இல்லாவிட்டால், மதிப்பீட்டுத் தேதியிலிருந்து 5 ஆண்டுகளுக்குள் இத்தகைய விண்ணப்பம் ஏற்கப்படவில்லை. விண்ணப்பத்துக்கு முந்திய காலத்துக்குத் திருத்திய தொகையும் கிடைக்கவில்லை. நாள் கடத்தினால் நட்டம் யாருக்கு என்பதற்கு அது ஒரு பாடம். உடல்நிலை மாறியது தெரிந்தவுடனே சொக்சோ அலுவலகத்துக்குப் போவதுதான் முறை.

கையில் இருக்க வேண்டியவை

* முதல் மதிப்பீட்டுக் கடிதமும் அதன் தேதியும்
* விபத்து அறிக்கையின் நகல் (முதலாளி விபத்தை 48 மணி நேரத்துக்குள் சொக்சோவுக்குத் தெரிவிக்க வேண்டும்)
* பழைய எக்ஸ்ரே, அறுவைச் சிகிச்சைக் குறிப்புகள், மருத்துவ விடுப்புச் சீட்டுகள்
* இப்போதைய நிலையை அன்றைய நிலையோடு ஒப்பிடும் நிபுணரின் அறிக்கை

'கை வலிக்கிறது' என்று மட்டும் எழுதிய சீட்டு உதவாது. எந்த மூட்டு, முன்பு எவ்வளவு மடங்கியது, இப்போது எவ்வளவு மடங்குகிறது, அதற்கு அந்த விபத்துக் காயமே காரணமா என்பதை மருத்துவர் எழுத வேண்டும். மறுபடி விபத்து நடந்து மோசமாகியிருந்தால், அதற்குப் புதிய கோரிக்கை போட வேண்டும். நீரிழிவு, இருதய நோய் போன்ற வேலையோடு தொடர்பில்லாத நோயால் சம்பாதிக்க முடியாமல் போனால், கேட்க வேண்டியது சொக்சோவின் செயலிழப்பு ஓய்வூதியம்.

விண்ணப்பம் கொடுத்ததும் முத்திரையிட்ட நகலை வாங்கி, பழைய கடிதங்களோடு ஒரே கோப்பில் வைப்பது பாதுகாப்பு. விபத்து நடந்தது பத்து ஆண்டுகளுக்கு முன்பு என்றாலும் அந்தக் காகிதங்களைத் தூக்கி எறியக் கூடாது.