விருப்பாட்சி முதல் பினாங்கு வரை: ஓர் உள்நாட்டுக் கூட்டணியின் எழுச்சியும் வீழ்ச்சியும்

பினாங்குத் தீவின் எதிர்க்கரையில் அமைந்த செபராங் பிறை, நெடுங்காலம் புரோவின்ஸ் வெல்லெஸ்லி என்றே வழங்கியது. 1800ஆம் ஆண்டில் கெடா சுல்தானிடமிருந்து கிழக்கிந்தியக் கம்பெனி அந்நிலப்பகுதியைப் பெற்றது. அப்போது இந்தியாவில் கம்பெனியின் தலைமை ஆளுநராக இருந்த ரிச்சர்டு வெல்லெஸ்லியின் பெயர் அதற்குச் சூட்டப்பட்டது. அதே ஆண்டில், அதே வெல்லெஸ்லியின் ஆட்சியை எதிர்த்துத் தமிழகத்தின் உள்நாட்டுப் பாளையங்களும் சீமைகளும் ஒரு கூட்டணியாகத் திரண்டன. இரண்டு ஆண்டுகளுக்குள் அக்கூட்டணி சிதைந்தது. அதன் எச்சமாக எஞ்சியோருள் 73 பேர் கப்பலேற்றி அனுப்பப்பட்டது இப்பினாங்குத் தீவுக்கே. ஆதலின், அக்கூட்டணி எவ்வாறு எழுந்தது, எதனால் வீழ்ந்தது என்னும் வினா தமிழகத்துக்கு மட்டும் உரியதன்று, நமக்கும் உரியது.

பாளையம் என்னும் அமைப்பு

16ஆம் நூற்றாண்டில் மதுரையில் விசுவநாத நாயக்கரின் ஆட்சி நிலைபெற்றபோது, தளவாய் அரியநாத முதலியார் நாட்டைப் பாளையங்களாகப் பகுத்தார் என்பது மரபு. மதுரைக் கோட்டையின் 72 கொத்தளங்களுக்கு 72 பாளையக்காரர் பொறுப்பேற்றனர் என்றும் அம்மரபு கூறும். பாளையக்காரர் தம் எல்லைக்குள் வரி தண்டினர்; வழக்குத் தீர்த்தனர்; படை வைத்திருந்தனர்; ஊர்களைக் காத்து, அதற்கு ஈடாகக் காவல் வரி பெற்றனர். மேலிருந்த அரசுக்குக் கப்பமும், போர் வந்தால் படையும் தந்தனர். இவற்றோடு, சேதுபதிகளின் இராமநாதபுரமும் அதிலிருந்து பிரிந்த சிவகங்கையும் தனிச் சீமைகளாக விளங்கின.

1736இல் மதுரை நாயக்கர் ஆட்சி முடிவுற்றது. கூரை போயிற்று, தூண்கள் மட்டும் நின்றன. பாளையக்காரர்மீது மேலாதிக்கம் கோரிய ஆற்காட்டு நவாபோ கம்பெனியின் கடனில் மூழ்கியிருந்தார். கப்பம் தண்டுவதற்குக் கம்பெனியின் படையை வரவழைத்தார். படைக்கான செலவு மேலும் கடனாயிற்று. இறுதியில், 1792ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி, பாளையக்காரரிடம் கப்பம் தண்டும் அதிகாரமே கம்பெனியின் கைக்குச் சென்றது. கடன்பட்டவர் நவாப், கணக்குக் கேட்கப்பட்டவர் பாளையக்காரர். பின்னர் எழுந்த போரின் வேர் இங்கேதான் இருக்கிறது என்று நாம் கருதுகிறோம்.

கூட்டணியின் தோற்றம்

கூட்டணி ஒரே நாளில் பிறந்ததன்று. 1772இல் நவாபின் படையும் கம்பெனியின் படையும் காளையார்கோயிலைத் தாக்கின. சிவகங்கை மன்னர் முத்துவடுகநாதர் அங்கே உயிர் துறந்தார். அவர் தேவி வேலு நாச்சியார், மருது சகோதரரின் துணையோடு மேற்கே சென்று, திண்டுக்கல் பகுதியிலிருந்த விருப்பாட்சிப் பாளையத்தில் அடைக்கலம் புகுந்தார். விருப்பாட்சியின் கோபால நாயக்கர் இடம் தந்தார். மைசூரின் ஐதர் அலி படை தந்தார். 1780இல் நாச்சியார் சிவகங்கையை மீட்டார். மறவர் சீமைக்கும் நாயக்கர் பாளையத்துக்கும் மைசூருக்கும் இடையே அந்த எட்டு ஆண்டுகளில் வளர்ந்த நம்பிக்கையே பிற்காலக் கூட்டணிக்கு விதையாயிற்று.

1799ஆம் ஆண்டு அவ்விதையை முளைக்கச் செய்தது. மே 4 அன்று சீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தான் வீழ்ந்தார். அக்டோபரில் பாஞ்சாலங்குறிச்சியின் வீரபாண்டிய கட்டபொம்மன் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டார். பேரரசு ஒன்றும் பாளையம் ஒன்றும் ஒரே ஆண்டில் அழிந்தமை, தனித்து நின்றால் தப்ப இயலாது என்பதை ஏனையோருக்கு உணர்த்தியது. 1800ஆம் ஆண்டு ஏப்ரல் இறுதியில் விருப்பாட்சியில் கூடிய தலைவர்கள் கோயம்புத்தூர்க் கோட்டையைத் தாக்கத் திட்டமிட்டனர். சிவகங்கையில் மருதுவும், திண்டுக்கல் பகுதியில் கோபால நாயக்கரும், மலபாரில் பழசி கேரளவர்மரும், மைசூர் மலைப்பகுதியில் கிருஷ்ணப்ப நாயக்கரும், அதற்கும் வடக்கே குதிரைப்படையோடு திரிந்த தூண்டாஜி வாக்கும் ஒருவரோடொருவர் தூது நடத்தினர். மொழி வேறு, சாதி வேறு, சமயம் வேறு. ஆயினும் பகை ஒன்றாயிருந்தது.

இக்கூட்டணியின் நிலவியலையும் நாம் நோக்க வேண்டும். அதன் வலிமை காட்டிலும் மலையிலும் இருந்தது. விருப்பாட்சி பழனிமலை அடிவாரத்தது. காளையார்கோயில் அடர்காட்டின் நடுவே அமைந்தது. பழசியின் புகலிடம் வயநாடு. சிவகங்கைக்குத் தொண்டித் துறை உண்டெனினும் போர்க்கப்பல் எவரிடமும் இல்லை. கடல் கம்பெனியிடம் இருந்தது. ஒரு கரையில் தோற்றாலும் மறுகரையிலிருந்து ஆளும் மருந்தும் கொண்டுவரக் கம்பெனியால் இயன்றது. உள்நாட்டாருக்கு அவ்வாறு இரண்டாம் வாய்ப்பு இல்லை.

திருச்சிராப்பள்ளி அறிக்கை

1800 ஜூன் 3 அன்று கோயம்புத்தூர்க் கோட்டையை நோக்கி எழுந்த கிளர்ச்சி, எதிர்பார்த்த குதிரைப்படை வந்து சேராமையால் தோல்வியுற்றது. பிடிபட்டோர் பலர் தூக்கிலிடப்பட்டனர். செப்டம்பர் 10 அன்று தூண்டாஜி வாக் கோணகல்லில் போரிட்டு மடிந்தார். அவரை வீழ்த்தியவர் தலைமை ஆளுநரின் தம்பி ஆர்தர் வெல்லெஸ்லி; 1797இல் பினாங்குக்கு வந்து சென்றவர்; பின்னாளில் வாட்டர்லூவில் நெப்போலியனை வென்ற வெலிங்டன் கோமகன். இவ்வாறு கூட்டணியின் வட சிறகு முதலாண்டிலேயே முறிந்தது.

தென்னகம் அதன் பின்னரே முழுமையாக எழுந்தது. 1801 பிப்ரவரி 2 அன்று கட்டபொம்மனின் தம்பி ஊமைத்துரையும் அவர் தோழரும் பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பினர். இடிக்கப்பட்டுக் கிடந்த பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையைச் சில நாள்களில் மண்ணால் மீண்டும் எழுப்பினர். மார்ச் 31 அன்று அதைத் தாக்கிய கம்பெனிப் படை பேரிழப்போடு பின்வாங்கியது. பெரும்படை திரட்டிவந்த கர்னல் அக்னியூ மே 24 அன்றுதான் அதைக் கைப்பற்றினார். ஊமைத்துரை சிவகங்கைச் சீமைக்குச் சென்று மருதுவோடு சேர்ந்தார். அடைக்கலம் தந்தவரை ஒப்படைக்கும்படி கேட்டபோது மருது மறுத்தார். 1772இல் தாம் பெற்ற அடைக்கலத்தை 1801இல் பிறருக்கு அளித்தார் எனலாம்.

1801 ஜூன் 16 அன்று திருச்சிராப்பள்ளிக் கோட்டையில் நவாபின் மாளிகை வாயிலிலும், திருவரங்கம் கோயில் மதிலிலும் ஓர் அறிக்கை ஒட்டப்பட்டது. நாவலந்தீவில் வாழும் அனைத்துச் சாதியாரையும் சமயத்தாரையும் விளித்து மருது பாண்டியர் வெளியிட்டது அது. நண்பராக வந்தோர் நாட்டைக் கவர்ந்ததையும், ஆண்டோரின் பேதைமை அதற்கு இடந்தந்ததையும் அது ஒளிவு மறைவின்றிச் சொன்னது. வென்றபின் நாடு யாருக்கு என்னும் கேள்விக்கு அது கூறிய விடை நம் கவனத்துக்குரியது. புதிய பேரரசு எதையும் அது அறிவிக்கவில்லை. நவாபுக்கும் நாயக்கருக்கும் தஞ்சைக்கும் அவரவர் நாடு மரபுப்படி மீளும் என்றே உறுதி கூறியது.

கூட்டணியின் பெருமையும் குறையும் இவ்விடத்தில் ஒருங்கே தெரிகின்றன. எவரும் எவர்க்கும் தாழாத ஒருமை அது. நம் நாட்டு நெகிரி செம்பிலானை இங்கு ஒப்பிட்டுக் காணலாம். அங்கேயும் தனித்தனி உண்டாங்குகளே அடித்தளம். ஆயினும் அவர்கள் கூடித் தமக்கு மேல் ஒரு தலைவரை, யாங் டி-பெர்துவான் பெசாரைத் தேர்ந்தெடுக்கும் முறை உண்டு. பாளையக்காரருக்கு நட்பும் தூதும் இருந்தன. அத்தகைய முறை இல்லை. ஆகவே ஒவ்வொருவரும் தத்தம் காலத்தில், தத்தம் கோட்டையில் எழுந்தனர். கோயம்புத்தூர் எழுந்தபோது பாஞ்சாலங்குறிச்சி எழவில்லை. பாஞ்சாலங்குறிச்சி எழுந்தபோது தூண்டாஜி உயிரோடு இல்லை. கம்பெனிக்கோ ஒரே கருவூலம், ஒரே கட்டளை.

வீழ்ச்சி

1801இல் விருப்பாட்சி வீழ்ந்தது. கோபால நாயக்கர் பிடிபட்டுக் கொல்லப்பட்டார். ஜூலை 31 அன்று புதிய நவாப் கர்நாடகத்தின் ஆட்சி முழுவதையும் கம்பெனிக்கு எழுதித் தந்தார். யாருடைய பெயரால் கப்பம் கேட்கப்பட்டதோ அவரே களத்திலிருந்து விலகினார்.

அதே நாள்களில் கம்பெனிப் படை சிவகங்கைக் காட்டின் விளிம்பை அடைந்தது. மருதுவின் ஊரான சிறுவயலிலிருந்து காளையார்கோயிலுக்குக் காட்டை வெட்டிப் பாதையமைக்க முற்பட்டது. ஏறத்தாழ ஒரு மாதம் கோடரிகள் ஓயவில்லை. வெட்டிய பாதையின் இருமருங்கிலும் மறைந்திருந்தோர் தாக்கினர்; செப்டம்பர்த் தொடக்கத்தில் அம்முயற்சி கைவிடப்பட்டது. கோடரி செய்ய இயலாததைப் பின்னர் ஒரு முடிசூட்டு விழா செய்தது. மருது சகோதரர் சீமையை நடத்திய பிரதானிகளே. அரச மரபில் பிறந்தவரல்லர். இதனால் மனம் புழுங்கியோர் சீமைக்குள்ளேயே இருந்தனர். அரச மரபைச் சேர்ந்த படமாத்தூர் உடையத் தேவரைச் செப்டம்பர் 12 அன்று சோழபுரத்தில் சிவகங்கையின் உரிமையாளராகக் கம்பெனி அமர்த்தியது. குடிகளின் பற்று இரண்டாகப் பிளந்தது. அக்டோபர் 1 அன்று பல திசைகளிலிருந்தும் நுழைந்த படை காளையார்கோயிலைப் பிடித்தது.

அக்டோபர் 24 அன்று மருது சகோதரர் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டனர். நவம்பர் 16 அன்று ஊமைத்துரை பாஞ்சாலங்குறிச்சியில் கொல்லப்பட்டார். டிசம்பரில் படைக்கலம் வைத்திருப்பதே குற்றமென அறிவிக்கப்பட்டது. கோட்டைகள் இடிந்தன, காவல் உரிமை பறிபோயிற்று, பாளையக்காரர் ஜமீன்தார் ஆயினர். பழசி மட்டும் வயநாட்டில் 1805 வரை போராடி மடிந்தார்.

எட்டயபுரமும் புதுக்கோட்டையும் கம்பெனிக்குத் துணைநின்றதைத் துரோகம் என்னும் ஒரு சொல்லால் கடந்துவிடுவது எளிது. அவர்களுக்கும் அண்டைப் பாளையத்தோடு எல்லைப் பகை இருந்தது. தம் நிலைப்பைப் பற்றிய அச்சம் இருந்தது. அப்பகைகளைத் தீர்க்கும் பொது மன்றம் ஒன்று இருந்திருப்பின், அவற்றைக் கம்பெனி விலைக்கு வாங்கியிருக்க முடியாது. அக்காலத்தில் ஐரோப்பாவிலும் இதை ஒத்த நிகழ்ச்சி ஒன்று உண்டு. கடலற்ற சுவிட்சர்லாந்தின் பழைய கூட்டமைப்பு 1798இல் பிரெஞ்சுப் படையெடுப்பின்போது நொறுங்கியது. அங்கே பொது மன்றம் இருந்தது. ஆனால் ஆபத்துக் காலத்தில் மாநிலங்கள் ஒன்றுக்கொன்று விரைந்து துணைவரவில்லை. மன்றம் இருந்தும் துணை வராத கூட்டணி அது. துணை வரும் மனம் இருந்தும் மன்றம் அமையாத கூட்டணி நம்முடையது.

பினாங்குக் கரையில்

1802 பிப்ரவரியில் தூத்துக்குடியிலிருந்து 73 பேர் கப்பலேற்றப்பட்டனர். சிவகங்கையின் மன்னராயிருந்த வேங்கன் பெரிய உடையத் தேவரும், சின்ன மருதுவின் இளைய மகன் துரைசாமியும் அவர்களுள் அடங்குவர். துரைசாமி அப்போது பதின்ம வயதினர். அவர்கள் அனுப்பப்பட்ட வேல்ஸ் இளவரசர் தீவு என்பது நம் பினாங்கே.

இங்கே அவர்களுக்குத் தமிழ் ஒலி புதிதாயிராது. 1786இல் பிரான்சிஸ் லைட் குடியேற்றத்தைத் தொடங்கிய நாள்தொட்டே தமிழ் முஸ்லிம் வணிகர் இத்தீவில் வாழ்ந்தனர். 1801ஐ ஒட்டி எழுந்த கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல் இன்றும் அதற்குச் சான்று. அவ்வணிகர் தம் விருப்பத்தால் கடல் கடந்தவர்; இவர்களோ கடலறியாச் சீமையிலிருந்து விலங்கோடு வந்தவர்.

துரைசாமியைப் பற்றிய ஒரு செய்தி ஆங்கிலேயர் ஒருவரின் நூலிலேயே கிடைக்கிறது. 1801ஆம் ஆண்டுப் போரில் கம்பெனியின் பக்கம் நின்ற ஜேம்ஸ் வெல்ஷ், 1830இல் தம் படைநினைவுகளை வெளியிட்டார். அமைதிக் காலத்தில் சின்ன மருதுவிடம் ஈட்டியும் வளரியும் எறியக் கற்றதாக அவர் எழுதினார். 1818இல் பினாங்கில் தம்மை அணுகிய தளர்ந்த மனிதர் ஒருவரை அவரால் அடையாளம் காண இயலவில்லை. பெயர் கேட்டபின்னரே அவர் துரைசாமி என அறிந்தார். பதினாறு ஆண்டுகள் இளைஞரை முதியவராக்கியிருந்தன. வெல்ஷ் வருந்தினார், ஆயினும் அவரை விடுவிக்க இயலவில்லை. பகைவரின் நூல் இல்லையேல் அச்சந்திப்பை நாம் அறிந்திருக்க மாட்டோம்.

மலேசியத் தமிழரின் வரலாற்றைக் கரும்பிலும் ரப்பரிலும் தொடங்குவது நம் வழக்கம். அவ்வுழைப்பின் பெருமை குறைவதன்று. ஆயின், தோட்டங்கள் தோன்றுமுன்னரே வணிகராய் வந்தோரும், கைதிகளாய் வந்து சாலையும் கட்டடமும் அமைத்தோரும், அரசியல் குற்றவாளிகளென முத்திரையிடப்பட்டு வந்தோரும் இம்மண்ணில் வாழ்ந்தனர். மூன்றாம் பிரிவினரை நாம் ஏறத்தாழ மறந்துவிட்டோம். தூக்குமேடை ஏறியோருக்கு ஊரில் சிலையும் விழாவும் உண்டு. கப்பலேறியோருக்கு அவை வாய்க்கவில்லை.

கம்பெனியின் படைத்துறைக் கடிதங்கள் சென்னை ஆவணக் காப்பகத்தில் உள்ளன. அத்தகைய ஆவணங்களைக் கொண்டே பேராசிரியர் கே. இராஜய்யன் 1971இல் இப்போரின் வரலாற்றை விரிவாக எழுதினார். அவர் பணி கயத்தாற்றிலும் திருப்பத்தூரிலும் நிகழ்ந்தவற்றைத் துலக்கியது. பினாங்குக் கரையில் தொடரும் பகுதியை எழுதவேண்டியவர் இங்கு வாழும் தமிழ் மாணாக்கரே. அந்த 73 பேரின் பெயர்களையும் தமிழில் ஒருசேர அச்சிட்டு, நம் பள்ளிகளில் படிக்கும்படி செய்வது அப்பணியின் முதற்படியாக அமையட்டும்.