கைது காட்டுதல்: 24 மணி நேரத்தின் கதை

‘விசாரிச்சுட்டு அனுப்பிடுறோம்’ என்று சொல்லித்தான் கூட்டிப் போகிறார்கள். சட்டத்தின் கடிகாரம் அந்த நிமிஷத்தில் ஓடத் தொடங்குவதில்லை. தமிழில் இதற்கு இரண்டு வினைகள் உண்டு: கைது செய்வது ஒன்று, கைது காட்டுவது இன்னொன்று. ‘புதன்கிழமை தூக்குனாங்க, வெள்ளிக்கிழமைதான் அரெஸ்ட் காட்டுனாங்க’ என்பது கோர்ட் வராந்தாக்களில் சாதாரணமாகக் காதில் விழும் பேச்சு. செய்தலுக்கும் காட்டலுக்கும் நடுவே கிடக்கும் நேரத்திற்கு ஆவணம் கிடையாது.

24 மணி நேர வரம்பு சுதந்திரம் தந்த கொடை அல்ல. 1898-இன் காலனியக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்திலேயே, 61-ஆம் பிரிவாக, அது இருந்தது. அதற்கு மேல் மாஜிஸ்திரேட் மொத்தம் 15 நாள் அனுமதிக்கலாம். போலீஸோ அரைகுறை அறிக்கை ஒன்றைத் தாக்கல் செய்து, வேறொரு பிரிவின்கீழ் ரிமாண்டை இழுத்துக்கொண்டே போனது.

1949 செப்டம்பரில், கைவிடப்பட்ட ‘உரிய சட்ட நடைமுறை’க்கு ஈடாக, அம்பேத்கர் கொண்டுவந்த பிரிவுதான் இன்றைய 22-ஆவது உறுப்பு. 24 மணி நேரம் அடிப்படை உரிமையாயிற்று. ஆனால் தடுப்புக்காவலில் இருப்பவருக்கு அது இல்லை என்பதையும் அதே உறுப்புதான் சொல்கிறது. கடிகாரத்தைக் கொடுத்த கையே அதை நிறுத்தும் விசையையும் வைத்துக்கொண்டது.

1973-இன் சட்டம் 60 நாள் என்றது. 1978-இன் திருத்தம் கடும் குற்றங்களுக்கு அதை 90 ஆக்கியது. அதற்குள் குற்றப்பத்திரிகை வராவிட்டால் ஜாமீன் உரிமை. சரி, உள்ளே கிடப்பவனுக்கு இதை யார் சொல்வது? பீகார் சிறைகளில் விசாரணையே இல்லாமல் வருஷக்கணக்கில் கிடந்தவர்களைப் பற்றிய ஹுஸைனாரா காத்தூன் வழக்கில் 1979-இல்தான் உச்சநீதிமன்றம் இதற்குப் பதில் சொன்னது: ரிமாண்டை நீட்டுமுன் ‘உனக்கு ஜாமீன் உரிமை உண்டு’ என்று மாஜிஸ்திரேட்டே கைதியிடம் எடுத்துச் சொல்ல வேண்டும். சட்டப் புத்தகத்தில் இருக்கும் உரிமை ஒருவன் காதில் விழும்வரை உரிமையே இல்லை என்பதை நீதிமன்றம் ஒப்புக்கொண்ட தருணம் அது.

சொல்லிவிட்டால் மட்டும்? நாள் கடந்தாலும் ஜாமீன் கட்டும்வரை உள்ளேதான் என்கிறது அதே பிரிவின் விளக்கம். மத்தியப் பிரதேசக் கொத்தனார் ஒருவரிடம் 10,000 ரூபாய் ஜாமீன் கேட்டார் மாஜிஸ்திரேட். அவருடைய அண்ணன் தம்பி ஜாமீனுக்கு வந்தபோது, சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறதென்று மறுத்தார். 1978-இல் அவரை 1,000 ரூபாய் சொந்தப் பிணையில் விடச் சொன்ன கிருஷ்ணய்யர், பஸ்தரிலோ போர்ட் பிளேயரிலோ பிடிபடும் ஒரு தமிழன் உள்ளூர் ஜாமீனுக்கு எங்கே போவான் என்றும் கேட்டார். காலத்தால் கிடைத்த உரிமை இப்படிச் சொத்தின் வாசலில் நின்றுபோகிறது. ஜாமீனில் விடத்தக்க குற்றங்களில், ஒரு வாரத்திற்குள் ஜாமீன் தர முடியாதவரை ஏழை என்று கொண்டு சொந்தப் பிணையில் விட வேண்டும் என்ற திருத்தம் 2005-இல்தான் வந்தது.

2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள புதிய சட்டத்திலும் 24 மணி நேரம் அப்படியே இருக்கிறது. ஆனால் முதல் 15 நாளுக்குள் முடிய வேண்டியிருந்த போலீஸ் காவலை, இப்போது முதல் 40 அல்லது 60 நாளுக்குள் துண்டு துண்டாகவும் எடுக்கலாம். நாள் கூடவில்லை, பயம்தான் நீள்கிறது.

1996-இன் டி.கே.பாசு தீர்ப்பு கைதுக் குறிப்பில் நேரத்தை எழுதச் சொன்னது. குடும்பத்தாரோ ஊரில் மதிப்புள்ள ஒருவரோ சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும் என்றது. ஸ்டேஷனுக்குப் போகும் தோழர்கள் முதலில் பார்க்க வேண்டியது அந்த ஒரு வரியைத்தான். அங்கே எழுதியிருப்பது செய்த நேரமா, காட்டிய நேரமா?