கோணம் பிசகிய சுவர்கள்

ஹைதராபாதின் மேற்கே, கச்சிபௌலியின் கண்ணாடி மாளிகைகளுக்கிடையே இன்னும் எஞ்சி நிற்கும் கருங்கற் குன்றுகள் ஏறத்தாழ 250 கோடி ஆண்டுப் பிராயமுடையவை என்பர் பூகர்ப்ப சாஸ்திரிகள். இத்தகைய பாறைமீது அமர்ந்த தக்காணத்துக்குப் பூகம்ப பயம் இல்லையென்ற நம்பிக்கை, பாமர ஜனங்களிடத்து மாத்திரமன்றிக் கற்றோரிடத்தும் நெடுங்காலம் வேரூன்றியிருந்தது. 1967இல் கொய்னா அணைப்பகுதி அதிர்ந்தபோதும், அணையில் தேங்கிய நீரே அதற்குக் காரணமென்று சமாதானம் சொல்லிக்கொள்ள முடிந்தது. 1993 செப்டம்பர் 30ஆம் நாள், 1956 வரை ஹைதராபாத் ராஜ்யத்துக்குட்பட்டிருந்த கில்லாரிப் பிரதேசத்தில், விடியுமுன் உறங்கிக் கிடந்தோரில் ஏறத்தாழ 10,000 பேர் பூகம்பத்தில் மாண்டபின், அந்தச் சமாதானத்துக்கும் இடமில்லாது போயிற்று.

செதுக்காத கற்களை இரு வரிசையாக அடுக்கி மண்சாந்திட்டுக் கட்டிய அவ்வூர்ச் சுவர்கள், மேலிருந்து அழுத்தும் பாரத்தைத் தலைமுறை தலைமுறையாகத் தாங்கியவையே. ஆயினும் நிலம் பக்கவாட்டில் அசைந்து, அடிப்பாகம் முன்செல்லக் கனத்த மண்கூரை பின்தங்கியபோது, மேலட்டையை மட்டும் தள்ளிய தடித்த புத்தகத்தின் விளிம்பு சாய்வதுபோலச் சுவரின் செங்கோணம் பிசகியது. அக்கோணப் பிசகின் அளவே சறுக்குப்பெயர்ச்சித் திரிபு. 3 மீட்டர் உயரச் சுவரின் தலை 3 மில்லிமீட்டர் நகர்ந்தால் அது 1000இல் ஒரு பங்கு. கண்ணுக்குப் புலப்படாத அச்சிறு மாற்றத்திலும் ஒரு மூலைவிட்டம் நீள, மற்றது குறுகுகிறது. இழுவிசைக்கு ஈடுகொடுக்கமாட்டாத செங்கல்லும் காரையும் நீளும் மூலைவிட்டத்துக்குக் குறுக்கே பிளக்கின்றன. அசைவு திசைமாறும்போது மற்றொரு பிளவும் சேர்ந்து, பெருக்கற்குறி வடிவ விரிசல் தோன்றுகிறது. கில்லாரியின் சுவர்களோ விரிசலோடு நில்லாமல், இரு பட்டையாகப் பிரிந்து கூரையோடு சரிந்தன.

இக்கணிதத்தைப் பிரெஞ்சு அறிஞர் கோஷி 1820களிலேயே வகுத்துவிட்டார். கிராமத்துக் கொத்தனுக்கு அது எட்டாததில் வியப்பில்லை. நகரத்துக் கட்டுமானக்காரர் மறந்ததே வியப்பு. 2001 ஜனவரி 26இல் புஜ் அதிர்ந்தபோது, 200 கிலோமீட்டருக்கும் அப்பாலுள்ள அகமதாபாதில், வாகனங்களுக்கென்று தரைத்தளத்தைச் சுவரின்றித் திறந்துவிட்ட அடுக்கு வீடுகள் பல விழுந்தன. மேல்மாடிகள் சுவர்களால் விறைத்து நிற்க, சறுக்குப்பெயர்ச்சி பெரும்பாலும் கீழ்த்தூண்களிலேயே வந்து குவிந்தமையே காரணம்.

மறு ஆண்டே இந்தியப் பூகம்ப வரைபடம் திருத்தப்பட்டு, அபாயம் மிகக் குறைந்ததெனக் கருதிய முதல் மண்டலம் இரண்டாம் மண்டலத்தோடு இணைக்கப்பட்டது. ஹைதராபாத் இன்று இரண்டாம் மண்டலத்தில் உள்ளது. கச்சிபௌலியில் 1998இல் தோன்றிய சர்வதேச தகவல் தொழில்நுட்பக் கழகத்தில் பூகம்பப் பொறியியலுக்கென்றே ஓர் ஆராய்ச்சி மையம் உண்டு. ஆனால் நகரெங்கும் திறந்த தரைத்தள வழக்கம் நின்றபாடில்லை. இங்கே வீடு வாங்க விரும்புவோர், மேல்மாடியின் காட்சியை விசாரிக்குமுன், வாகனத் தளத்தில் பக்கவாட்டு அசைவைத் தாங்கும் கான்கிரீட் சுவர்கள் எங்கே நிற்கின்றன என்று ஒரு பொறியாளரைக் கேட்டறிவது நலம்.