கே.ஒய்.யு.கே. வானொலி

அமெரிக்காவின் அலாஸ்கா மாநிலத்தில், குஸ்கோக்விம் ஆற்றங்கரையிலுள்ள பெத்தேல் என்ற சிற்றூரிலிருந்து ஒலிபரப்பாகும் பொது வானொலி நிலையம். 1971 மே மாதம் ஒலிபரப்பைத் தொடங்கியது. மத்திய அலையில் 640 கிலோஹெர்ட்ஸில் கேட்கலாம். பெத்தேல் பிராட்காஸ்டிங் என்ற இலாப நோக்கற்ற அமைப்பு இதை நடத்துகிறது. அமெரிக்காவில் தொல்குடியினரே உரிமையேற்று நடத்திய பொது வானொலிகளுள் இது முன்னோடி.

இந்த வட்டாரத்தை அலாஸ்காவின் பிற பகுதிகளோடு இணைக்கும் சாலை கிடையாது. கோடையில் படகு, பனிக்காலத்தில் உறைந்த ஆறு, மற்றபடி சிறு விமானம். இங்கே வானொலி பொழுதுபோக்கு மட்டுமல்ல. ஆற்றுப் பனியின் நிலை, சால்மன் மீன்பிடிக்கு அனுமதியுள்ள நாட்கள், புயல் எச்சரிக்கை என உயிரோடும் உணவோடும் தொடர்புடைய செய்திகள் இதன் வழியே ஊர்களை எட்டுகின்றன.

நிலையத்தின் ஆகப்பெரிய சாதனை மொழிப்பணிதான். ஆங்கிலத்தோடு, இவ்வட்டாரத் தொல்குடியினரின் யுப்பிக் மொழியிலும் செய்தி வாசிக்கப்படுகிறது. பள்ளிகளில் அம்மொழி பேசிய பிள்ளைகள் தண்டிக்கப்பட்ட காலத்தை நினைவில் வைத்திருந்த தலைமுறை, அதே மொழியில் செய்தி கேட்டது சாதாரண நிகழ்வல்ல. முதியோர் சொன்ன கதைகளும் அனுபவங்களும் ஒலிநாடாக்களில் சேர்ந்து அரிய ஆவணக் களஞ்சியமாகியுள்ளன. குஸ்கோக்விம் 300 என்னும் நாய்ச்சறுக்குவண்டிப் பந்தயத்தின் நேரடி வருணனையும் புகழ்பெற்றது.

நிலைய வருவாயில் பெரும்பங்கு கூட்டரசு மானியமாகவே வந்தது. 2025 ஜூலையில் அமெரிக்க நாடாளுமன்றம் பொது ஒலிபரப்புக்கான அந்நிதியை இரத்து செய்தது.