வெண்சேலையும் இலட்ச ரூபாவும்

கலையைப் போற்றும் சமூகம் கலைஞரையும் மதிக்கும் என்று எண்ணுவது தவறு. தமிழ் நாடக மேடையின் வரலாறு இதற்கு மாறான சான்றுகளையே தருகின்றது. ஒரு பெண்ணின் பாட்டைக் கேட்க விடிய விடியக் கொட்டகையில் அமர்ந்திருந்தவர்களே, அப்பெண்ணைத் தமது குடும்பத்தில் ஏற்க மறுத்தனர். இம்முரண்பாட்டை விளங்கிக்கொள்வதற்குக் கே. பி. சுந்தராம்பாளின் வாழ்க்கை எமக்குப் பெரிதும் துணைபுரிகின்றது.

1908இல் கொடுமுடியில் வறிய குடும்பமொன்றிற் பிறந்த அவர், சிறுமியாக இருந்தபோதே புகையிரதத்திற் பாடி இரந்தார். அக்குரலின் வலிமையே அவரை வேலு நாயரின் நாடகக் குழுவிற் சேர்த்தது. ‘நல்லதங்காள்’ நாடகத்தில் அவர் பசித்த பிள்ளையாகத் தோன்றினார். பசியை நடிக்க அச்சிறுமிக்கு ஆசிரியர் எவரும் தேவைப்பட்டிருக்கமாட்டார்.

தென்னிந்திய நாடகக் குழுக்கள் அந்நாளில் இலங்கைக்கு அடிக்கடி வந்து போயின. சுந்தராம்பாளும் இங்கு வந்து நடித்தார். 1920களின் நடுப்பகுதியிற் கொழும்பு மேடையிலேதான் அவர் எஸ். ஜி. கிட்டப்பாவுடன் இணைந்தார். ஒலிபெருக்கி இல்லாத காலம் அது. கடைசி வரிசைவரை எட்டும் குரலே நடிகரின் முதலீடு. ‘வள்ளி திருமணம்’ போன்ற நாடகங்களில் இருவரும் போட்டியிட்டுப் பாடியதைக் கேட்கவே மக்கள் திரண்டனர்.

மேடையிற் சமமாக நின்ற இவ்விருவரும் வாழ்க்கையிற் சமமாக நிற்கவில்லை. கிட்டப்பா பிராமண குலத்தவர், ஏற்கெனவே மணமானவர். 1927இல் அவரை மணந்த சுந்தராம்பாளுக்குப் புகழ் கிடைத்த அளவுக்குக் குடும்பத்தில் இடம் கிடைக்கவில்லை. பிறந்த குழந்தையும் நிலைக்கவில்லை. அவர் கிட்டப்பாவுக்கு எழுதிய கடிதங்கள் அத்துயரத்துக்குச் சான்றாக உள்ளன. 1933 டிசம்பரிற் கிட்டப்பா தமது 27ஆவது வயதில் இறந்தார். 25 வயதுச் சுந்தராம்பாள் வெண்சேலை உடுத்தார். இனி எந்த ஆணுடனும் இணையாக நடிப்பதில்லையென உறுதிபூண்டார்.

இதனைக் கற்பின் மாட்சி என்று போற்றியோர் பலர். அவரது துயரம் மெய்யானது. அதனை நாம் ஐயுறவில்லை. ஆனால், அத்துயரத்தைச் சமூகம் எவ்வாறு பயன்படுத்திக்கொண்டது என்பதே எமது வினா. ‘நந்தனார்’ (1935), ‘மணிமேகலை’ (1940), ‘ஔவையார்’ (1953), ‘பூம்புகார்’ (1964) ஆகிய படங்களில் அவர் ஏற்ற பாத்திரங்களை நோக்குக: அடியார், பிக்குணி, முதிய புலவர், சமணத் துறவி. மனைவியும் இல்லை, காதலியும் இல்லை. மேடைப்பெண்ணை இழிவாகக் கருதிய சமூகம், அவள் துறவுக் கோலம் பூண்டபின்னரே கைகூப்பியது. மனைவியை இழந்த எந்த நடிகனிடமும் அது இத்தகைய விலையைக் கேட்டதில்லை.

எனினும், அவரைச் சமூகத்தின் கையிற் சிக்கிய பாவையாக மட்டும் காண்பதும் பிழையாகும். ‘நந்தனார்’ படத்தில் நடிக்க அழைத்தவர்களைத் தட்டிக்கழிக்கும் நோக்குடன் அவர் ஓர் இலட்சம் ரூபா கேட்டார், தயாரிப்பாளரோ இணங்கினார். அத்தொகை அந்நாளில் எவரும் எண்ணிப்பாராத ஊதியம். புகையிரதத்திற் காசுக்குக் கையேந்திய குரல், இப்போது தன் உழைப்பின் விலையைத் தானே கூறியது. சத்தியமூர்த்தியின் தூண்டுதலால் அவர் காங்கிரஸ் மேடைகளிலும் பாடினார். பின்னர் சென்னைச் சட்ட மேலவையிலும் உறுப்பினரானார். கொடுமுடியில் திரையரங்கு ஒன்றையும் அமைத்தார். 1980இல் காலமானார்.

‘தெய்வீகக் குரல்’ என்று கூறிவிட்டால் அக்குரலுக்குப் பின்னிருந்த பசியும், பயிற்சியும், இராப்பயணங்களும், பேரமும் மறைந்துவிடுகின்றன. தெய்வத்துக்கு ஊதியம் வேண்டியதில்லை, உரிமையும் வேண்டியதில்லை. கலைஞரைத் தெய்வமாக்குவது பல வேளைகளில் அவருக்குரியதைக் கொடாமல் விடுவதற்கான வழியேயாகும். சுந்தராம்பாளை நாம் தொழவேண்டியதில்லை. ஓர் உழைப்பாளியாக, தம் உழைப்பின் பெறுமதியை அறிந்த பெண்ணாக, அவரை எமது மாணவருக்கு அறிமுகஞ் செய்வோம். அதுவே அவருக்கு நாம் செய்யக்கூடிய நீதி.