ஓலையும் உறவும்: தமிழ்க் கத்தோலிக்கக் குடும்ப வரலாற்றுக்கான திருச்சபை ஆவணங்கள்

குடும்ப வரலாறு தேடுவோர்க்கு ஐரோப்பியக் கையேடுகள் காட்டும் வழி, குடும்பப் பெயரைப் பற்றிக்கொண்டு தலைமுறை தலைமுறையாகப் பின்னோக்கிச் செல்வது. தமிழ்க் கத்தோலிக்கரிடம் இவ்வழி நெடுந்தொலைவு செல்லாது. உள்நாட்டு ஊர்களில் பெரும்பாலோர்க்குத் தகப்பன் பெயரின் முதலெழுத்துதான் உண்டு. 1530களில் திருமுழுக்குப் பெற்ற முத்துக்குளித்துறைப் பரதவர் போர்த்துக்கீசியப் பெயர்களை ஏற்றனர். ஆயினும் உறவே இல்லாத பல குடும்பங்கள் ஒரே கடற்கரையில் பெர்னாண்டோ என்ற பெயரைத் தாங்கும்போது அது யாரையும் அடையாளம் காட்டாது. ஆகவே பெயரை விட்டு உறவைப் பின்தொடர வேண்டும் என்பதும், அதற்கு ஆயரகங்களில் உள்ள திருமணத்தடை விலக்கு ஆவணங்கள் பங்குப் பதிவேடுகளுக்கு நிகரான சான்றுகள் என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

பதிவேடு எதற்காகப் பிறந்தது?

1563இல் திரிதெந்துப் பொதுச்சங்கம் மறைமுகத் திருமணங்களைத் தடுக்க முனைந்தது. மூன்று முறை ஓலை (திருமண அறிவிப்பு) வாசிக்க வேண்டும், பங்குக்குருவும் சாட்சிகளும் முன்னிற்க வேண்டும், அவற்றை ஏட்டில் எழுத வேண்டும் என்று விதித்தது. ஞானப்பெற்றோர் பெயரையும் எழுதச் சொன்னது; ஞான உறவும் அன்று திருமணத்துக்குத் தடை. 1614இல் வெளிவந்த உரோமைச் சடங்கு நூல் திருமுழுக்கு, உறுதிபூசுதல், திருமணம், இறப்பு ஆகியவற்றோடு, வீடுவாரியாக மக்களைக் குறிக்கும் ஐந்தாவது ஏட்டையும் வகுத்தது. ஆக, 'யார் யாரை மணக்கலாம்' என்ற சட்டக் கேள்வியே இந்த ஏடுகளுக்குப் பின்னால் நிற்கிறது.

பழைய திருமுழுக்குப் பதிவு ஒன்றை எடுத்துக்கொள்வோம். நாள், குழந்தையின் பெயர், தாய் தந்தையர், ஊர், ஞானத்தகப்பன், ஞானத்தாய், குருவின் கையொப்பம் என இலத்தீனில் நாலைந்து வரிகள். வீட்டில் ராயப்பன், சின்னப்பன், அருளப்பன் என்று அழைக்கப்பட்டவர்கள் ஏட்டில் பேதுரு, பவுல், யோவான் என்பவற்றின் இலத்தீன் வடிவங்களில் இருக்கக்கூடும். எனவே அட்டவணையில் பெயரை மட்டும் தேடுபவர் வெறுங்கையோடு திரும்புவார். ஞானப்பெற்றோர் பெரும்பாலும் மாமன், அத்தை, சித்தப்பா வகையினர். உடன்பிறந்தார் பலரின் பதிவுகளை அடுக்கி வைத்தால் அந்த வீட்டின் கிளைகள் தெரியவரும். 1908 ஈஸ்டர் முதல் திருமணச் செய்தியைத் திருமுழுக்கு ஏட்டின் ஓரத்திலும் குறிக்க வேண்டும் என்ற விதி நடைமுறைக்கு வந்தது. அந்த ஓரக்குறிப்பு, வேறு பங்கில் வாழ்க்கைப்பட்ட பெண்ணைக்கூடத் தேடிப் பிடித்துத் தரும். பங்கு அலுவலகம் வழங்கும் சான்றிதழ் சுருக்கத்தில் இவையெல்லாம் இடம்பெறுவது அரிது. மூலப் பக்கத்தைப் பார்க்க அனுமதி கேட்பது அவசியம்.

விலக்கு ஆவணங்கள்

மாமன் மகளையும் அத்தை மகளையும் மணப்பது தமிழர் வழக்கம். திருச்சபைச் சட்டமோ 1215 முதல் இரத்த உறவை நான்காம் தலைமுறைவரை தடையாக வைத்திருந்தது. 1917ஆம் ஆண்டுச் சட்டத்தொகுப்பு அதை மூன்றாம் தலைமுறையாகவும், 1983ஆம் ஆண்டுத் தொகுப்பு ஒரே தாத்தா பாட்டியின் பேரப்பிள்ளைகள் அளவிலும் குறுக்கின. முறைப்பெண்ணை மணக்க இன்றும் விலக்கு வேண்டும். விலக்குக் கேட்பவர் உறவு எந்த வழியில் வருகிறது என்று காட்டியாக வேண்டும். அதற்காகப் பொது மூதாதையிலிருந்து மணமக்கள்வரை கொடிவழி வரையப்படும். பழைய கணக்கின்படி அக்கொடி எள்ளுத்தாத்தாவரை ஏறக்கூடும். எந்தச் சட்டம் முறைமணத்தைக் கட்டுப்படுத்த முயன்றதோ அதுவே அம்மணத்தின் வம்சாவளியைச் சேமித்து வைத்திருக்கிறது.

இதற்கு மறுப்பு உண்டு. மறைபரப்பு நாடுகளில் சிறப்பு அதிகாரம் பெற்ற குருக்கள் தாமே விலக்களித்தனர். அப்போது மிஞ்சுவது திருமணப் பதிவில் ஒரு வரியே. மக்கள் உறவை மறைத்ததும் உண்டு. ஆனால் அந்த ஒரு வரியிலும் எத்தனையாவது தலைமுறை உறவு என்பது குறிக்கப்படும். அதைக் கொண்டு முந்தைய தலைமுறைத் திருமணங்களைத் தேடலாம்.

எந்த ஆயரகம்?

ஊர் இன்றுள்ள மறைமாவட்டத்தில் பழைய கட்டுகள் இருக்கும் என்று கொள்வது தவறு. 1606இல் நிறுவப்பட்ட மயிலை மறைமாவட்டம் போர்த்துக்கீசிய அரச உரிமைக்கு உட்பட்டது. பின்னர் உரோமை நேரடியாக அனுப்பிய குருக்களும் அதே பகுதிகளில் பணியாற்றினர். இருதரப்பும் 19ஆம் நூற்றாண்டில் மோதியபோது ஒரே ஊரின் இரு கோயில்கள் இரு தலைமைகளுக்குப் பணிந்தன. மறைமாவட்டங்களும் பிரிந்தபடியே இருந்தன: 1923இல் திருச்சிராப்பள்ளியிலிருந்து தூத்துக்குடி, 1930இல் கொல்லத்திலிருந்து கோட்டாறு, 1938இல் திருச்சிராப்பள்ளியிலிருந்து மதுரை. இயேசு சபையின் மதுரை மறைபரப்புத் தளம் பற்றிய ஆவணங்கள் கொடைக்கானலை அடுத்த செண்பகனூரிலும் உரோமையிலும் உள்ளன. 1776 முதல் புதுச்சேரிப் பணியை ஏற்ற பாரிஸ் அயல்நாட்டு மறைபரப்புச் சங்கத்தின் ஆவணங்கள் பாரிசில் உள்ளன. குருக்களின் கடிதங்களில் சாதாரணக் குடும்பங்களின் பெயர்கள் அரிதாகவே வரும். எந்த ஆண்டில் எந்தக் குரு எந்த ஊருக்கு வந்தார் என்பதை அறியவே அவை உதவும்.

யாழ்ப்பாணம் இன்னும் கடினமான பாடம். 1658இல் டச்சுக்காரர் கத்தோலிக்கத்தைத் தடைசெய்தனர். 1687இல் வந்த யோசேப்பு வாஸ் அடிகள் மறைந்தே பணியாற்றினார். திருமணமும் வாரிசுரிமையும் செல்ல டச்சு ஆட்சியின் பதிவு வேண்டியிருந்ததால், கத்தோலிக்கர் பெயர்கள் சீர்திருத்தச் சபையின் பள்ளித் தோம்புகள் எனும் பதிவேடுகளில் இடம்பெற்றன. தோம்பில் பெயர் உள்ளது என்பதைக் கொண்டு அக்குடும்பம் மதம் மாறியதென்று முடிவுகட்ட இயலாது. இந்தக் கட்டுப்பாடுகள் 1806இல்தான் நீங்கின.

எனவே தேடலின் வரிசை இதுவாக வேண்டும்: முதலில் ஊரின் ஆட்சியெல்லை வரலாறு, அடுத்துத் திருமணப் பதிவு, பின்பு விலக்கு ஆவணம், கடைசியில் திருமுழுக்கு ஏடு. சட்டச் சான்று என்பதால் பதிவேடுகளைப் பங்குகள் காத்து வருகின்றன. விலக்கு விண்ணப்பமோ திருமணம் முடிந்ததும் பயன் தீர்ந்த தாள்; கரையானுக்கும் இடநெருக்கடிக்கும் எளிதில் பலியாவது அதுதான். வாழ்வோரின் அந்தரங்கம் காக்கும் கால வரம்போடு, பழைய விலக்குக் கட்டுகளை அட்டவணைப்படுத்தும் பணியை மறைமாவட்டங்கள் முதலில் எடுத்துக்கொள்ள வேண்டும்.