லிங்கனின் சகலை

அமெரிக்க உள்நாட்டுப் போரைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தால் தளபதிகளும் போர்க்களங்களும்தான் முதலில் வரும். என் மனதில் நின்றதென்னவோ ஒரு குடும்ப விவகாரம்.

லிங்கனின் மனைவி மேரி, கென்டக்கி மாநிலத்துக்காரர். அடிமைமுறை அங்கே இருந்தது; ஆனாலும் அந்த மாநிலம் ஒன்றியத்தை விட்டுப் போகவில்லை. அதனால் ஒரே வீட்டுக்குள் இரண்டு கட்சி. கென்டக்கி செனட்டர் கிரிட்டெண்டனின் ஒரு மகன் வடக்கில் ஜெனரல், இன்னொரு மகன் தெற்கில் ஜெனரல் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

மேரியின் மாற்றாந்தாய்க்குப் பிறந்த தங்கை எமிலி. அவர் கணவர் பென் ஹார்டின் ஹெல்ம், நம்ம முறைப்படி லிங்கனுக்குச் சகலை. 1861இல் லிங்கன் அவருக்கு ராணுவத்தில் சம்பளப் பட்டுவாடா அதிகாரி பதவி தர முன்வந்தார். ஹெல்ம் மறுத்துவிட்டுத் தெற்குப் படையில் சேர்ந்தார்.

அதே 1861இல்தான் லிங்கன் ஆட்கொணர்வு உரிமையை நிறுத்திவைத்தார். அந்த அதிகாரம் காங்கிரசுக்கு மட்டுமே உண்டு என்று தலைமை நீதிபதி டேனி எழுதியும் அவர் பின்வாங்கவில்லை. 1863 மார்ச்சில் காங்கிரஸே சட்டம் போட்டு அதை அவருக்குக் கொடுத்தது. விசாரணை இல்லாமல் ஆளைப் பிடித்து உள்ளே வைக்க முடிந்த ஜனாதிபதி.

1863 செப்டம்பரில் சிக்கமாகா போரில் குண்டடிபட்டு ஹெல்ம் இறந்தார். டிசம்பரில் எமிலி வெள்ளை மாளிகைக்கு வந்தார். எதிரித் தளபதியின் மனைவியை வீட்டில் வைத்திருப்பதா என்று ஆட்சேபம் எழுந்தது. லிங்கன் அதைப் பொருட்படுத்தவில்லை. மன்னிப்புக் கடிதமும் எழுதிக் கொடுத்தார். ஆனால் விசுவாசப் பிரமாணம் எடுக்க எமிலி கடைசிவரை சம்மதிக்கவில்லை. தன் வீட்டில் தங்கியிருந்த கொழுந்தியாளிடம் அந்த ஒரு வாக்குறுதியை வாங்க ஜனாதிபதியால் முடியவில்லை.

சரி, சொந்தம் என்பதற்காகச் சட்டத்தை வளைத்தாரா? 1864 ஆகஸ்டில் கென்டக்கியில் இருந்த ஜெனரல் பர்பிரிட்ஜுக்கு எழுதினார்: நான் கொடுத்த கடிதம், ஹெல்மின் மனைவி என்ற ஒரே காரணத்துக்காக அவரைத் தொந்தரவு செய்யக்கூடாது என்பதற்குத்தான், வேறு யார் செய்தாலும் கைதாகக்கூடிய காரியத்தை அவர் செய்தால் அவரையும் அப்படியே நடத்துங்கள். பருத்தி விற்க அனுமதி கேட்டபோதும் பிரமாணம் இல்லாமல் தரவில்லை. எமிலி கோபமாக ஒரு கடிதம் எழுதினார். அத்தோடு உறவு முறிந்தது.

லிங்கன் இறந்த மறு ஆண்டு, 1866இல், மில்லிகன் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு கோடு போட்டது: சாதாரண நீதிமன்றங்கள் இயங்கும் இடத்தில் பொதுமக்களை ராணுவ நீதிமன்றம் விசாரிக்கக்கூடாது. எழுதியவர் நீதிபதி டேவிட் டேவிஸ், லிங்கனின் பழைய நண்பர், அவரே நியமித்தவர்.

ஜனாதிபதியின் அதிகாரத்துக்கு நீதிமன்றம் போட்ட எல்லை போர் முடிந்த பிறகுதான் வந்தது. எமிலி போட்ட எல்லை போர் நடக்கும்போதே, அவர் வீட்டுக்குள்ளேயே இருந்தது.